கண்ணாடி துடைப்பவர் சொல்லும் விலை

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜன்னல்கள் மீது திடீர் அக்கறை வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் அப்பிக் கிடந்த தூசி போகிக்குள் போயாக வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஒருவரின் கைப்பேசி எண் கிடைக்கிறது. வாளி, துணி, ரப்பர் வைப்பருடன் அவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்கிறோம். ஜன்னல்களை எண்ணுவதைவிட நம் முகத்தையும் கூடத்தில் கிடக்கும் சோபாவையும் அதிகமாக அளந்துவிட்டு, '1,500 கொடுங்க சார்' என்கிறார். நாம் 1,000 என்கிறோம். 1,200-இல் முடிகிறது.

இந்த அரை நிமிடத்தில் ஒரு தொழில் தன் விலையை நிர்ணயித்திருக்கிறது. அப்படிச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆனால், தானே வாடிக்கையாளரைத் தேடி, தானே விலை பேசி, தன் சொந்தக் கருவிகளுடன் வந்து வேலை செய்பவர் அரசின் கணக்கில் தினக்கூலித் தொழிலாளி அல்லர், சுயதொழில் செய்பவர். 2023-24-ஆம் ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, இந்தியாவில் வேலையில் இருப்போரில் 58.4 சதவீதத்தினர் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள். நிலம் உழுபவரும் பெட்டிக்கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இதில் அடக்கம். சட்டம் அவர்களை வணிகர்களாகப் பார்க்கிறது. வணிகர் என்றால் செலவு, தேய்மானம், ஓய்வு நாள், லாபம் எல்லாவற்றையும் கூட்டித்தான் விலை சொல்வார் என்பது அனுமானம். அந்த 1,200 ரூபாய்க்குள் இவற்றில் எவையெல்லாம் இருக்கின்றன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆளுக்கு ஆள் மாறும்.

அவர் பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறார், வேலை அண்ணா நகரில் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 50 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 100 ரூபாய். டயர், ஆயில், காப்பீடு, வண்டியின் தேய்மானம் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது காசு என்றால் 60 ரூபாய். சுத்தம் செய்யும் திரவம், துணி, தேய்ந்துபோகும் ரப்பர் பட்டை ஆகியவற்றுக்கு இன்னொரு 60. ஆக 220 ரூபாய் போக, கையில் நிற்பது 980. வேலை நான்கு மணி நேரம், பயணமும் காத்திருப்பும் இரண்டரை மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 150 ரூபாய் கிடைக்கிறது. மோசமில்லையே என்று தோன்றும்.

ஆனால், எத்தனை நாள்? ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன் சில நாள்கள் அழைப்புகள் குவியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கைப்பேசி ஓய்ந்துவிடும். மழையில் யார் ஜன்னல் துடைப்பார்கள்? பிறகு போகிக்கு முன் மீண்டும் குவியும். மற்ற மாதங்களில், வாடகை வீடு கைமாறும்போதும் புதுமனை புகுவிழாக்களின்போதும் வருவதுதான் வேலை. சராசரியாக மாதத்துக்கு 14 வேலைகள் கிடைத்தால், கையில் நிற்பது 13,720 ரூபாய். ஒரு குடும்பம் அதில் வாடகை கொடுத்து, பள்ளிக் கட்டணம் கட்டி, காய்ச்சல் வந்தால் மருத்துவமும் பார்க்க வேண்டும்.

கணக்கைத் திருப்பிப் போடுவோம். மாதம் 20,000 ரூபாய் நிற்க வேண்டும் என்றால், 14 வேலைகளில் ஒவ்வொன்றும் 1,429 ரூபாய் தர வேண்டும். அதனுடன் செலவு 220 ரூபாயைக் கூட்டினால் 1,649. இதே 20,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனம் ஆள் வைத்திருந்தால், 15,000 ரூபாய் வரம்பின்படி வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 1,800 ரூபாயும், மாநிலக் காப்பீட்டுக்கு 3.25 சதவீதமாக 650 ரூபாயும் தன் பங்காகச் செலுத்தியிருக்கும். அந்த 2,450 ரூபாயையும் தொழிலாளியே ஈடுசெய்ய வேண்டுமென்றால், வேலைக்கு இன்னும் 175 ரூபாய் சேரும். நியாயமான விலை 1,824 ரூபாய். நாம் அவரை 1,500-இலிருந்து 1,200-க்கு இறக்கியது இருக்கட்டும். அவர் துணிந்து முதலில் கேட்ட விலையே 300 ரூபாய்க்கு மேல் குறைவாக இருந்திருக்கிறது.

எங்கே பிழை நேர்ந்தது? அவர் ஒரு நாள் கூலியை மனதில் வைத்து விலை சொல்கிறார். கட்டட வேலைக்குப் போனால் இன்று எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அவருடைய அளவுகோல். வேலை இல்லாத நாளும் அந்த விலைக்குள் இருக்க வேண்டும் என்று எந்தக் கூலியாளும் நினைப்பதில்லை. வணிகர் மட்டுமே நினைப்பார். நாமோ விலை கேட்கும்போது அவரை வணிகராக நினைத்துப் பேரம் பேசுகிறோம். வேலை நடக்கும்போது கூலியாளாக நினைத்து, 'அப்படியே பால்கனியையும் கழுவிவிடுங்கள்' என்கிறோம். நானும் செய்ததுதான் இது.

பால்கனியாவது பரவாயில்லை. ஜன்னலின் வெளிப்பக்கம்தான் இந்தத் தொழிலின் ஆபத்தான பகுதி. நம் வீடுகளின் ஜன்னல்கள் பெரும்பாலும் இரும்புக் கம்பி வைத்தவை. உள்ளிருந்து கையை நீட்டினால் கண்ணாடியின் பாதிதான் எட்டும். மீதிக்கு மூன்றாவது மாடியின் சன்ஷேடில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிறும் இடுப்புப் பட்டையும் கொண்டுவருபவர்கள் அரிது. அவற்றின் செலவு 1,200 ரூபாய்க்குள் அடங்காது. தவறி விழுந்தால், வீட்டுக்காரர் அவருடைய முதலாளி அல்லர் என்பதால் பணியாளர்களுக்கான சட்டப்பூர்வ இழப்பீட்டைக் கோருவது கடினம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து அந்தத் தொகை எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

ஜன்னல் துடைப்பது ஒரு முழுநேரத் தனித் தொழிலாகவே வேரூன்றிய நாடு பிரிட்டன். அங்கே பெரும்பாலும் தனி நபர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அவர்களும் சுயதொழில் செய்பவர்களே. அவர்களுடைய கணக்கின் மையம் 'ரவுண்டு' என்று சொல்லப்படும் வாடிக்கை வீடுகளின் வரிசை. நம் ஊரில் பால்காரர் தெருவைப் பிரித்து வைத்திருப்பதைப் போன்றது. நான்கு வாரத்துக்கு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்கு அவர் போகிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை விலை பேசி முடித்தால், அடுத்தடுத்த வருகைகளில் பேரம் கிடையாது. முதல் முறை அழுக்கு அதிகமிருக்கும் என்பதால் அதற்குக் கட்டணமும் அதிகம். வீடுகள் ஒரே தெருவில், ஒரே பகுதியில் இருந்தால் வருமானம் கூடும். சிதறிக் கிடந்தால் எரிபொருள் அதைத் தின்றுவிடும். எனவே, தொலைவில் தனியாக இருக்கும் வீட்டை அதிக விலை சொல்லித் தவிர்ப்பதும் தொழில் தந்திரங்களில் ஒன்று. தொழிலைவிட்டு விலகுபவர் தன் வாடிக்கை வீடுகளின் வரிசையை, மாத வருவாயின் இத்தனை மடங்கு என்று விலை வைத்து இன்னொருவருக்கு விற்றுவிட முடியும். இருபது ஆண்டு உழைப்பு அங்கே ஒரு சொத்தாகிறது. இங்கே அது பழைய கைப்பேசியில் சேமித்த எண்களாக மட்டுமே மிஞ்சுகிறது.

செலவுக் கணக்கிலும் அரசு அங்கே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. தொழிலுக்காகச் சொந்த வாகனத்தை ஓட்டினால், ஆண்டின் முதல் 10,000 மைல்களுக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. தொகை போதுமா என்பது வேறு விவாதம். வண்டி ஓடுவதற்கும் ஒரு விலை உண்டு என்று வரி அலுவலகமே சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். லாபத்தின் மீது தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு வசூலிக்கப்படுகிறது. அந்த ஆண்டு அரசு ஓய்வூதியத்துக்கான தகுதி ஆண்டாகவும் கணக்கில் சேர்கிறது.

ஏணியிலிருந்து அவர்கள் இறங்கிய கதையும் கவனிக்கத்தக்கது. உயரத்தில் வேலை செய்வது குறித்த விதிகள் 2005-இல் அங்கே கடுமையாக்கப்பட்டன. ஏற வேண்டிய அவசியம் இல்லையென்றால் ஏறக் கூடாது என்பதே அவற்றின் முதல் நெறி. அந்தக் காலகட்டத்தில், நீண்ட கம்பத்தின் நுனியில் தூரிகையும் அதற்கு நீர் கொண்டுசெல்லும் குழாயும் பொருத்திய கருவி பரவியது. தரையில் நின்றபடியே மூன்றாம் மாடிக் கண்ணாடியைத் துடைக்கலாம். அதற்குத் தாதுக்கள் முழுவதும் நீக்கப்பட்ட நீர் வேண்டும். அப்போதுதான் துணியால் துடைக்காமலேயே கறையின்றிக் காயும். வடிகட்டும் கருவி, வேனில் நீர்த்தொட்டி, கம்பம் என்று முதலீடு கூடியது. ஆனால், ஒரு நாளில் முடிக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் கூடியது. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரால் கண்ணாடியைக் கழுவி, காய்ந்ததும் படியும் வெள்ளைத் தடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிகட்டியின் அருமை புரியும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அங்கேயும் சுயதொழில் செய்பவரைத் தொடுவதில்லை. விடுப்புக்கு ஊதியம் கிடையாது. துடைத்து முடித்த பிறகு பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளர் அங்கும் உண்டு. பாதி விலைக்குச் செய்வதாகத் துண்டறிக்கை போட்டுச் செல்லும் புதியவரும் உண்டு.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வரும் வேலை. நம் ஊரில் பாலுக்கும் நாளிதழுக்கும் தண்ணீர் கேனுக்கும் மாதக் கணக்கு வைத்திருக்கிறோம். ஜன்னலுக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை, அதுவும் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்கிறோம். அந்த வாரத்தில் ஆள் கிடைப்பதில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும்போது, மற்ற வாரங்களில் வேலை இல்லை என்பது அவருடைய குறை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 700 ரூபாய் என்று ஒரே குடியிருப்பில் பேசி வைத்தால், அழுக்கு குறைவாக இருப்பதால் இரண்டு மணி நேரத்தில் ஒரு வீடு முடியும். ஒரு பயணத்தில் இரண்டு வீடுகள், 1,400 ரூபாய். பயணச் செலவும் பொருள்களுக்கான செலவும் போக 1,160 நிற்கும். மாதம் 18 நாள் வேலை இருந்தாலே 20,000-ஐத் தாண்டிவிடும்.

வீட்டுக்காரருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆண்டுக்கு 1,200 கொடுத்தவர் இனி 4,200 கொடுக்க வேண்டும். தூசியைப் பொருட்படுத்தாதவர்கள் இதற்கு ஒப்பமாட்டார்கள். அதில் தவறும் இல்லை. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. குடியிருப்புச் சங்கமே வேலை குறைந்த ஆனி, ஆவணி மாதங்களில் பத்து நாள்களைக் குறித்து, விருப்பமுள்ள வீடுகளை வரிசையாக அவரிடம் ஒப்படைக்கலாம். அவருக்கு அலைச்சலும் வெறும் நாள்களும் குறையும். வெளிப்பக்கக் கண்ணாடிக்குத் தேவையான கயிறு, பட்டை, நீண்ட கம்பம் ஆகியவற்றைச் சங்கமே வாங்கி வைக்கலாம். நீர் இறைக்கும் மோட்டாருக்கும் மின்தூக்கிக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் போடத் தெரிந்த சங்கங்களுக்கு இது பெரிய காரியம் அன்று.

வாடிக்கையாளரைத் தேடித் தந்து, வேலையைத் தொடர்ச்சியாகத் தரும் பணியைச் செய்வதாகச் சொல்லித்தான் செயலி நிறுவனங்கள் இந்தச் சந்தைக்குள் வந்திருக்கின்றன. 2025 மார்ச் மாதம் அர்பன் கம்பெனி நிறுவனம் மும்பையில், பாத்திரம் துலக்குதல், பெருக்கித் துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளுக்கு 15 நிமிடத்தில் ஆள் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் கண்டனத்துக்குள்ளாகி, பிறகு மாற்றப்பட்டது. பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதன் விலையைப் பற்றி நாம் பேசவில்லை. அறிமுகச் சலுகையாக ஒரு மணி நேரத்துக்கு 49 ரூபாய் என்று விளம்பரம் செய்தார்கள். பணியாளருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் என்றும், மாதம் 132 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 20,000 ரூபாய் உறுதி என்றும், காப்பீடும் உண்டு என்றும் அந்த நிறுவனம் அப்போது அறிவித்தது.

பணியாளருக்குச் சொன்ன தொகை குறைவானதென்று சொல்ல முடியாது. நம் கணக்கில் கண்ணாடி துடைப்பவருக்கு வேலை கிடைத்த நாளில் கிடைக்கும் அதே 150 ரூபாய்தான் அதன் தொடக்கம். கூடுதலாக, வெறும் நாள்களின் பயமும் இல்லை. கேள்வி, 49 ரூபாய்க்கும் 150 ரூபாய்க்கும் இடையிலான 100 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது. அது முதலீட்டாளர்களின் பணம். சந்தை பிடிபடும்வரை அது வரும், பிறகு நிற்கும். நிற்கும்போது ஒன்று வாடிக்கையாளரின் விலை ஏற வேண்டும் அல்லது பணியாளரின் பங்கு இறங்க வேண்டும். வாடகைக் கார் செயலிகள் தொடங்கிய காலத்தில் ஓட்டுநர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகைகள் பின்னர் என்னவாயின என்பது, கடன் வாங்கி வண்டி எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சலுகை முடிந்தாலும் 49 என்ற எண் வாடிக்கையாளரின் நினைவிலிருந்து எளிதில் அகலாது. ஒரு மணி நேர வேலையின் விலை அதுதான் என்று பழகிய கண்ணுக்கு, தனியாக வந்து நிற்பவர் கேட்கும் 1,500 ரூபாய் கொள்ளையாகத் தெரியும். செயலிக்குள் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. விலை சொல்லும் உரிமையும் இல்லை. கட்டணத்தையும் வேலைப் பங்கீட்டையும் நிறுவனமே முடிவுசெய்கிறது. வாடிக்கையாளர் தரும் நட்சத்திரங்கள் அவரது பிழைப்பைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும், அவரும் தொழிலாளி அல்லர், 'பார்ட்னர்' என்றே அழைக்கப்படுகிறார். தன் பொருளுக்கு விலை சொல்ல முடியாதவரை வணிகர் என்று எப்படி அழைப்பது?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்கு ஒரு பெயரையும் ஒரு நிதியையும் தந்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும்; அது பணியாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தை மிஞ்சக் கூடாது. தமிழக அரசு அதற்கு முன்பே, 2023-இல், இணையவழித் தொழிலாளர்களுக்கென ஒரு நல வாரியத்தை அமைத்தது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால், வாளியுடன் தனியாக வரும் நம்மவருக்கு மேலே எந்த நிறுவனமும் இல்லை. எனவே, அவருக்காக அந்த நிதியில் பணம் போடுபவரும் இல்லை. செயலியில் சேர்ந்தால் பாதுகாப்பு, சேராவிட்டால் சுதந்திரம் என்ற நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார்.

தனியாக இருப்பவருக்கு ஓய்வூதியம் இல்லையா என்று கேட்கலாம். 2019-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் இருக்கிறது. 29 வயதில் சேர்பவர் மாதம் 100 ரூபாய் கட்டினால், அரசும் 100 ரூபாய் போடும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 31 ஆண்டுகள் கழித்து அந்த 3,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 660 ரூபாய். 40 வயதைத் தாண்டியவர்கள் சேரவே முடியாது.

சங்கம் அமைத்து ஒரே விலை அறிவிக்கலாமே என்பது இயல்பாக எழும் யோசனை. அங்கும் அந்த 'வணிகர்' என்ற பெயர் குறுக்கே நிற்கிறது. ஒரே தொழில் செய்யும் வணிகர்கள் கூடி விலை நிர்ணயிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தடை செய்கிறது. ஜன்னல் துடைப்பவர்கள் மீது யாரும் வழக்குப் போடப் போவதில்லை. என்றாலும், சட்டத்தின் பார்வை விசித்திரமாக இருக்கிறது: தொழிலாளி அல்லர் என்பதால் குறைந்தபட்ச ஊதியம் இல்லை, வணிகர் என்பதால் கூட்டாக விலை பேசவும் வழியில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க அரசிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. பொதுப்பணித் துறை ஒவ்வோர் ஆண்டும் விலை விகிதப் பட்டியல் தயாரிக்கிறது. ஒரு கன மீட்டர் செங்கல் சுவருக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எவ்வளவு சிமெண்ட் என்று பிரித்துக் கணக்கிடுகிறார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் கணக்கில், இவை எல்லாவற்றின் மேலும் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்குமாக 15 சதவீதம் சேர்க்கப்படுகிறது. ஒப்பந்ததாரர் நட்டப்படக் கூடாது என்ற அக்கறை அரசின் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதேபோன்ற விலைப் பகுப்பாய்வை ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, சோபா துடைப்பது முதல் குழாய் பழுதுபார்ப்பது வரை சிறு தொழில்களுக்கும் தயாரித்து வெளியிடலாம். கட்டாய விலையாக வேண்டாம். பயணத்துக்கு இவ்வளவு, தேய்மானத்துக்கு இவ்வளவு, வேலையற்ற நாளுக்கு இவ்வளவு என்று காட்டும் ஒரு பக்கம் போதும்.

1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், தையல் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் என்று தனித்தனி நல வாரியங்கள் அமைத்த மாநிலம் இது. திருமண உதவி, கல்வி உதவி, விபத்து உதவி என்று துன்பம் வந்த பின்னும் செலவு வந்த பின்னும் கைகொடுக்க அவற்றுக்குத் தெரியும். உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க வருபவரிடம் அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுத்தால், அதற்கு அச்சுக் கூலியைத் தவிர வேறு செலவு இல்லை. அடுத்த மார்கழியில் கூடத்து சோபாவைப் பார்க்காமல், ஜன்னல்களை எண்ணி, தாளைப் புரட்டி அவர் 1,800 என்று சொல்வார். நாம் அப்போதும் பேரம் பேசுவோம். ஆனால், அது 1,800-இலிருந்து தொடங்கும்.